தந்தை செல்லாது

"யாரும்மா இங்க எங்க ஊட்டுக்காரர செல்லாதுன்னு சொன்னது?"

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் கேள்விதான் உள்ளே வந்தது. ஆள் பின்னால் வந்தாள். ஒரு கையில் கட்டைப்பை, மறு கையில் நாலாக மடித்த காகிதம், இடுப்பில் இழுத்துச் சொருகிய முந்தானை. எங்கள் ஆபீஸுக்கு இப்படி யாரும் வருவதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருக்கிற சாஃப்ட்வேர் கம்பெனிக்கு யார் வரப்போகிறார்கள்? தண்ணீர் கேன்காரர் வருவார், கூரியர்காரர் வருவார். பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இணையத்தில் விண்ணப்பம் வாங்கிக் கொடுக்கும் மென்பொருள் செய்வது எங்கள் பிழைப்பு. செய்கிறவர்கள் உள்ளறையில் ஏசியில் இருப்பார்கள். திட்டு வாங்குகிறவள் வாசலில் மின்விசிறிக்குக் கீழே இருப்பாள். அது நான், ரேவதி. என் வேலைக்கு வாடிக்கையாளர் சேவை என்று பெயர்.

"உட்காருங்கம்மா. என்ன விஷயம்னு நிதானமா..."

"குந்துறதுக்கு வர்ல. நாலு மணி ஆனா என் பொண்ணு சீட்ட வேற எவளுக்கோ தூக்கிக் குடுத்துடுவாங்க. அத்த காலேஜ் பெஞ்சில குந்த வச்சிட்டு ஓடியாறேன். இத்தப் படி மொதல்ல."

காகிதத்தைப் பிரித்து என் மேசைமேல் அறைந்தாள். திருவள்ளூர்ப் பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியின் விண்ணப்பம். எங்கள் மென்பொருள் வாங்கி, எங்கள் மென்பொருளே அச்சடித்துக் கொடுத்தது. அடியில் பொடி எழுத்தில் எங்கள் முகவரி. போன் நம்பரும் இருந்தது; ஆனால் அது யாரும் எடுப்பதற்காகப் போட்ட நம்பர் இல்லை.

மாணவி: ஷரன. தந்தை: ஆரககயசம.

இரண்டு முறை படித்தேன். பல்லைப் பிடுங்கிய பிறகு பேசியது போல இருந்தது.

"இது யார் பேரும்மா?"

"அதான் நானும் கேக்குறேன்! என் பேரு ஜெயசீலி. குமணன்சாவடி சிக்னல்ல பழக்கட போட்டுகினு கீறேன். என் பொண்ணு ஷாரன். அவ அப்பா ஆரோக்கியசாமி, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு. பருத்திப்பட்டுல எவன கேட்டாலும் சொல்லுவான். இந்த ஆரககயசம எந்த ஊருக்காரன்? அவனுக்கா பொறந்துச்சு என் பொண்ணு?"

உள்ளறையில் கீபோர்டு சத்தம் நின்றது. காது கொடுக்கிறார்கள்.

நடந்ததை அவள் சொன்னாள். விண்ணப்பப் பக்கத்தில் இங்கிலீஷுக்கு ஒரு பொத்தான், தமிழுக்கு ஒரு பொத்தான். பெண் இங்கிலீஷில் போடலாம் என்றிருக்கிறாள். "நான்தான், அடியே, இன்னா எழுதி வாங்கிக்கிறானுங்கன்னு எனக்கும் புரியணும், தமிழ்லயே போடுன்னேன். பக்கம் நல்லாத்தான் கீது. பொறந்த தேதி போட்டா மாசம் தமிழ்ல வருது, கெழம தமிழ்ல வருது. கடைசி நேரம் 'பிற்பகல்'னு காட்டுது. பிற்பகல்னு நான் கடைசியா கேட்டது ரேடியோலம்மா! சரி, மரியாதப்பட்ட ஆளுங்க போலன்னு நம்பி அவரு பேர அடிச்சேன். செவப்புல வருது, 'தந்தை செல்லாது'ன்னு."

எனக்குக் காது சுட்டது. அந்த வாக்கியத்தின் பூர்வோத்தரம் எனக்குத் தெரியும். இங்கிலீஷ் பக்கத்தில் அது 'தந்தை பெயர் சரியில்லை' என்ற பொருளில் ஒழுங்காக வரும். தமிழில் 'தந்தையின் பெயர்' என்று போட்டால் செல்போன் திரையில் இடிக்கிறது என்று தலைப்பை வெறும் 'தந்தை' ஆக்கினார்கள். பிழைச் செய்திக்கு ஒரே அச்சு: முன்னால் எந்தத் தலைப்பு வந்தாலும் பின்னால் 'செல்லாது' ஒட்டிக்கொள்ளும். தேதி செல்லாது, பின்கோடு செல்லாது, தந்தை செல்லாது. இதுவாவது பரவாயில்லை. முதலில் 'இந்த வயல் காலியாக இருக்கக் கூடாது' என்று வந்துகொண்டிருந்தது. கட்டத்துக்கு இங்கிலீஷில் சொல்கிற 'ஃபீல்டு' என்ற வார்த்தையை ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு யந்திரம் நெல் விளையும் வயலாக்கிவிட்டது. நான் கத்திய பிறகுதான் வயலில் அறுவடை நடந்தது.

"செல்லாதுன்னா உட்டுடுவனா? பேரம் பேசுனேன்" என்றாள் ஜெயசீலி.

"யாரோட?"

"உங்க மெசினோடதான். கடைசில ஒரு சுழி கீதே, அத்த எடுத்தேன். செல்லாதுன்னுச்சு. கால எடுத்தேன். செல்லாது. கொம்ப எடுத்தேன், புள்ளிய எடுத்தேன். எல்லாத்தையும் உருவிட்டு மொட்டையா நின்னப்போ, சரின்னு வாங்கிக்கிச்சு. நான் யாவாரம் பண்றவம்மா. எதுக்க நிக்கிறவன் எங்க படிவான்னு எனக்குத் தெரியும். உங்க மெசினு என் புருசன அம்மணமாக்கினப்புறம்தான் படிஞ்சுது."

"அப்பவே ஏம்மா யாரையும் கேக்கல?"

"உங்க நம்பருக்கு அடிச்சேன். எடுத்தியா? மறுநா கடைசி நாளு. எங்க கல்யாணப் பத்திரிகையிலயே அவரு பேரு தப்பாத்தான் கீது, அதுக்காக கல்யாணம் செல்லாமப் பூட்ச்சா, இதுவும் அப்டித்தான்னு அமுக்கி உட்டேன். இன்னிக்கி சர்டிபிகேட்டு பாக்கச்சொல்ல, அந்த ஆபீஸ் மேடம், இந்தப் பேரு வேற, அந்தப் பேரு வேற, நாலு மணிக்குள்ள சரி பண்ணிகினு வாங்க, இல்லாங்காட்டி அடுத்த ஆளக் கூப்புடுவேன்னுட்டாங்க."

பூந்தமல்லியில் எங்கள் அப்பா வைத்திருந்தது பாத்திரக்கடை. நான் பள்ளிக்கூடம் விட்டால் கடை, கடை விட்டால் பள்ளிக்கூடம் என்று வளர்ந்தவள். கடைத்தெருவில் ஒரு வியாபாரிக்குச் சொல்லக்கூடிய ஆகக் கேவலமான வசை, 'கொடுக்க ஒரு படி, வாங்க ஒரு படி' என்பது. எங்கள் கம்பெனி அதைத்தான் செய்திருந்தது. காட்டும்போது எல்லாம் தமிழ். மாசம், கிழமை, பிற்பகல் என்று வாசலில் வாழைமரம் கட்டியிருந்தோம். வாங்கும்போது மட்டும் தமிழ் ஆகாது. உள்ளே வருகிறவன் கையையும் காலையும் வெளியே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும்.

விஷ்ணுவைக் கூப்பிட்டேன். விண்ணப்பப் பக்கம் அவன் எழுதியது. நாகர்கோவில் பையன், பட்டாபிராமில் புது பிளாட் ஒன்றில் கூட்டாளிகளோடு இருந்துகொண்டு ரயிலில் வந்து போகிறான். கெட்டவன் இல்லை. காகிதத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"பேருக்கு என்ன விதி போட்டிருக்க?"

"எழுத்து மட்டுந்தான் வரணும்னுக்கா. நம்பரு, ஆச்சரியக்குறி, படம் கிடம் எதையும் யாரும் போட்டுரக் கூடாதுல்லா? எந்த மொழி எழுத்தா இருந்தாலும் எடுத்துக்கிடும்."

"எடுத்துக்கலையே."

திரையை உற்றுப் பார்த்தான். உதட்டைக் கடித்தான். "எக்கா... நாம எழுதுற ஜாவா மொழிக் கணக்குல 'க' எழுத்து. அதுமேல வர்ற காலு, கொம்பு, சுழி, புள்ளி இதெல்லாம் எழுத்து இல்ல. எழுத்துமேல போட்ட குறி. எழுத்துக்கு மட்டும் கதவத் தொறந்து வச்சேன். குறியையும் விடுன்னு சொல்லணும். நான் சொல்லல."

"டெஸ்ட் பண்ணும்போது என்ன பேரு போட்ட?"

அவன் அந்தக் காகிதத்தை மறுபடி மடிக்க ஆரம்பித்தான்.

"விஷ்ணு, என்ன பேரு போட்ட?"

"அஆஇஈ."

ஜெயசீலிக்கு முன்னால் சிரிக்கவும் முடியவில்லை, அவனை அறையவும் முடியவில்லை. தமிழ்நாட்டில் எவன் கையில் பேனா கொடுத்து எழுதுகிறதா பார் என்றாலும் இதைத்தான் எழுதுவான். அ, ஆ, இ, ஈ எல்லாம் உயிரெழுத்து. யார் தோளிலும் கை போடாமல் தனியாக நிற்கும். விதியைத் தாண்டிக் குதித்து உள்ளே போய்விட்டன. உயிர்மெய் ஒன்றைக்கூட இவன் போட்டுப் பார்க்கவில்லை. உன் பெயரையாவது போட்டிருக்கலாமேடா பாவி, அதிலேயே ஒரு சுழி, ஒரு புள்ளி, ஒரு கொக்கி என்று மூன்று இருக்கிறதே!

"அப்ப தப்பு யாருது?" என்றாள் ஜெயசீலி. குரல் தணிந்திருந்தது. கடைத்தெருவில் குரல் தணிந்தால்தான் பயப்பட வேண்டும்.

"எங்களுதும்மா" என்றேன்.

"ரேவதி!"

முதலாளி ஞானசேகரன் தன் அறை வாசலில் நின்றிருந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா, முகத்தில் அவர் கல்லூரி முதல்வர்களுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பு. "என்னம்மா பிரச்சனை? பேர்ல ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக், அவ்வளவுதானே? இதுக்கு சிம்பிளா ஒரு வழி இருக்கு. நோட்டரி வக்கீல்கிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கிடுங்க. ஆரோக்கியசாமியும் இந்த... இந்தப் பேரும் ஒரே ஆளுதான்னு நீங்க உறுதிமொழி கொடுத்தாப் போதும்."

"நானு சத்தியம் பண்ணணுமா?"

"ஃபார்மாலிட்டிதாம்மா."

"யாரு சார் அந்த ரெண்டாவது ஆளு? நான் பாத்தது கெடையாது. உன் மெசின்ல பொறந்தவன். நீ பெத்தவன். நீ பண்ணு சத்தியம்."

சிரிப்பு கொஞ்சம் கழன்றது. "பாருங்கம்மா, அடிச்சது உங்க கை. நாங்க அடிக்கல. இத்தனை பேர் அப்ளை பண்ணியிருக்காங்க, ஒரு கம்ப்ளெயிண்ட் இல்ல."

எப்படி வரும்? போனை எடுத்தால்தானே. மற்றவர்கள் எல்லாம் இங்கிலீஷ் பக்கத்தில் போட்டார்கள். தமிழை நம்பி வந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். எனக்குள் அதுவரை ஒரு ஓரமாகக் கொதித்துக்கொண்டிருந்தது அப்போது பொங்கிவிட்டது. "சார், தமிழ்ப் பக்கத்துல யார் போட்டாலும் இதான் வரும்" என்றேன்.

"தமிழ்ப் பக்கம் யாரு ரேவதி யூஸ் பண்றா? டெண்டர்ல கேட்டான், போட்டோம்."

"நான் பண்ணேன்" என்றாள் ஜெயசீலி.

அந்த நேரம் பார்த்து மறுபடி கதவு திறந்தது. காக்கிச் சட்டை, கழுத்தில் கைக்குட்டை, தலை நரைத்த மெலிந்த மனிதர். "ஜெயா, லேத்துக்காரன் வண்டிய எடுக்கச் சொல்றான். லோடு எறக்கணுமாம்."

"வா. வந்து காட்டு மூஞ்சிய" என்று அவரைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "இதோ பாரு சார், இவருதான் செல்லாதவரு. நல்லாப் பாத்துக்க. கையி கீது, காலு கீது. இன்னா கொறச்சல்?"

ஆரோக்கியசாமிக்குக் கூச்சம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டார். "சார், என் பேரு எப்டி வோணா கெடக்கட்டும். கொழந்தைக்கு சீட்டு கெடச்சா போதும் சார். எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

"நீ வாயத் தொறக்காத! உன் பேர நீயே கொறச்சி வித்தா, வாங்குறவன் இன்னும் கொறைக்கத்தான் பாப்பான்." அவள் ஞானசேகரன் பக்கம் திரும்பினாள். "உங்க அப்பா பேரு இன்னா நைனா?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லேன். எங்கூட்டுப் பேரு ஊரு சிரிக்குது. உன் பேரு என்னான்னு பாப்பம்."

"வேதாசலம்."

"போடு அதுல."

என் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன். கல்லூரியின் இன்னொரு படிப்புக்கு விண்ணப்பம் இன்னும் மூடவில்லை. அதே பக்கம், அதே விதி. அவர் கோபத்தில் அடித்தார். அடிக்கிற வேகத்திலேயே தெரிந்தது, தன் மென்பொருள்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை. எண்டர் தட்டினார்.

சிவப்பில் வந்தது. தந்தை செல்லாது.

கீழே லேத் மட்டும் இரும்பைச் சீவிக்கொண்டிருந்தது. ஆரோக்கியசாமி குனிந்து திரையைப் பார்த்தார். உதவி செய்யும் எண்ணத்தில்தான், சத்தியமாக, சொன்னார்: "சார், மொதல்ல அந்தக் கொம்ப எடுத்துட்டுப் பாருங்க. அப்பால கால எடுங்க, புள்ளிய எடுங்க. பூடும்."

ஞானசேகரனின் கழுத்துவரை சிவந்தது. விஷ்ணுவை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். கதவு முழுக்க மூடவில்லை. எங்கள் ஆபீஸில் எந்தக் கதவும் முழுக்க மூடாது.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு சொல்லு சேக்கணும் சார், அவ்வளவுதான். சர்வர்ல ஏத்தக் கொஞ்ச நேரம் ஆவும்."

"உடனே ஏத்து. ஏத்தின உடனே அந்தம்மாவ கூப்பிட்டுப் பேரை அடிக்கச் சொல்லு. சரியா வரும். அப்ப சொல்லு, சிஸ்டம் சரியாத்தான் இருக்கு, நீங்கதான் அன்னிக்கித் தப்பா அடிச்சிருக்கீங்கன்னு. காலேஜ்ல இருந்து கேட்டாலும் அதே பதில். அடுத்த வருஷ ஆர்டருக்குக் கையெழுத்து வாங்க வேண்டிய நேரம் இது. புரியுதா?"

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அங்கே கதவை அழுத்தி மூடிக்கொண்டார்.

ஜெயசீலிக்கு இது காதில் விழவில்லை. பெண்ணோடு போனில் இருந்தாள். "அழாதடி. அந்தப் பெஞ்சிலயே குந்து. ஒண்ணுக்குக்கூட எழுந்து போவாத."

எங்கள் கடைக்கு ஒருமுறை மொத்த வியாபாரி ஒருவன் ஓட்டைக் குடங்களைத் தள்ளிவிட்டுப் போனான். கடைப்பையன்கள் ஈயம் பற்றவைக்க எடுத்தார்கள். அப்பா அவர்கள் கையைத் தட்டிவிட்டார். தண்ணீரை ஊற்றி, ஒழுக ஒழுக அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவழியே நடந்து அவன் கடை வாசலில் போய் நின்றார். ஒழுகும்போதுதான் குடம் சாட்சி சொல்லும். அடைத்த பிறகு அதில் ஓட்டை இருந்தது என்று நீ கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும், உன்னைத்தான் பொய்யன் என்பார்கள்.

உள்ளே போனேன். விஷ்ணு அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டிருந்தான். ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

"கைய எடு."

"எக்கா, சாரு சொன்னத நீங்களுந்தான கேட்டீங்க?"

"உங்க அப்பா பேரு என்ன?"

"எதுக்குக்கா? சுயம்புலிங்கம்."

"இந்த நிமிஷம் அவரும் செல்லாதவர்தான். அவர் பேரையும் அடிச்சுக் காட்டட்டுமா?"

அவன் கையை எடுத்தான். "நான் ஒரு டீ குடிச்சிட்டு வாறேன். நானா வந்து பட்டனத் தட்டுற வரைக்கும் எதுவும் மாறாது" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கினான். வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வான் என்று தெரியாத பையன் செய்யக்கூடிய தைரியம் அவ்வளவுதான், அதைச் செய்தான்.

வாசலுக்கு வந்து கல்லூரி ஆபீஸுக்குப் போன் போட்டேன். போனைச் சத்தமாக வைத்து மேசையில் கிடத்தினேன். எடுத்தது அனுசுயா மேடம். சேர்க்கை எல்லாம் அவர் கையில். காலையில் ஜெயசீலியைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். கண்டிப்பானவர். எனக்கு அன்றைக்கு அந்தக் கண்டிப்புதான் வேண்டும்.

"மேடம், ஒரு நிமிஷம். இன்னும் மூடாத அந்த இன்னொரு படிப்போட விண்ணப்பத்துல தமிழ்ப் பக்கத்தத் திறங்க. தந்தைங்கிற கட்டத்துல உங்க அப்பா பேரை அடிங்க."

"நான் என்ன ரேவதி நர்சிங் படிக்கவா போறேன்? இங்க எவ்வளவு கூட்டம் தெரியுமா?"

"ஒரே ஒரு தடவை மேடம். தமிழ்ல."

முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். விசைச் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

"ரேவதி."

"மேடம்."

"இது என்ன எழுதியிருக்கு?"

"நீங்களே படிங்க மேடம்."

"தந்தை செல்லாது." அந்தக் குரல் இதுவரை நான் கேட்காத குரல். "எங்க அப்பா பேரு திருமுருகன். தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. இத்தனை வருஷமா ஊர்ப் பிள்ளைங்க பேரெல்லாம் ஒழுங்கா எழுதக் கத்துக் குடுத்தவரு. அவரு செல்லாதுன்னா வேற எவன்யா செல்லுவான்?"

"அவரு பேரை எப்படி அடிச்சா செல்லும்னு இங்க ஒருத்தர் சொல்லுவாரு மேடம். சுழி, கொக்கி, புள்ளி எல்லாம் எடுத்துட்டா செல்லும். காலையில நீங்க திருப்பி அனுப்பின பொண்ணு ஷாரன் இருக்காளே, அவ வீட்ல அப்படித்தான் அடிச்சாங்க. உங்க முன்னாடி பெஞ்சில உக்காந்திருக்கிறது அந்தப் பொண்ணுதான்."

போனில் நாற்காலி நகரும் சத்தம். "உங்க சார் எங்க? குடு அவருகிட்ட."

ஞானசேகரன் வெளியே வந்தபோது அந்தச் சிரிப்பை முகத்தில் மாட்டிக்கொண்டே வந்தார். "மேடம், வணக்கம் மேடம், அது ஒரு சின்ன டெக்னிக்கல்..."

"சின்னதா? எங்க அப்பா சின்னதா?"

போன் சத்தமாக இருந்ததால் அவர் எத்தனை முறை 'சாரி மேடம்' சொன்னார் என்பதை லேத்துக்காரன்வரை எல்லோரும் கேட்டார்கள். கடைசியில் அனுசுயா மேடம் கணக்கை முடித்தார்: தப்பு உங்கள்மேல் என்று எழுத்தில் மெயில் வர வேண்டும். தமிழில் விண்ணப்பித்த அத்தனை பிள்ளைகளுக்கும் திருத்தம் திறந்துவிடப்படும். அந்தப் பெண்ணின் சீட்டை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறார். ஆனால் பட்டியல் நாலு மணிக்கு மேலிடத்துக்குப் போய்விடும்; அதற்குள் மெயிலும் வர வேண்டும், பெயரும் சரியாக உள்ளே வர வேண்டும். இல்லையென்றால் அவர் கையிலும் எதுவும் இல்லை.

என்னை ஒரு பார்வை பார்த்தார் ஞானசேகரன். அந்தப் பார்வைக்கு அப்புறம் வட்டி போட்டு வசூலிப்பார் என்று தெரிந்தது. பிறகு என் மேசையிலேயே நின்றபடி மெயில் எழுதினார். ஜெயசீலி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "இன்னா எழுதுறாரு? படி."

படித்தேன். "பயனரின் உள்ளீட்டில் ஏற்பட்ட முரண்பாடு காரணமாக..."

"பயனருன்னா யாரு?"

"நீங்கம்மா."

"எடு அத்த."

"அம்மா, இது ஆபீஷியல் லாங்வேஜ்..."

"நான் எங்க ஊட்டுக்காரரோட கொம்ப எடுத்தேன்ல? நீ இத்த எடு."

எடுத்தார். 'முரண்பாடு ஏற்பட்டதாகத் தெரிகிறது' என்று போட்டார். "தெரியுதா, நடந்துச்சா?" என்றாள். 'தெரிகிறது' போனது. 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஒன்றைச் செருகினார், அது இன்னாவென்று கேட்டாள், விஷ்ணு அஆஇஈ போட்டது என்று நான் சொன்னேன், அதுவும் போனது. 'வருந்துகிறோம்' என்றார். "வருத்தப்பட்டுகினு ஊட்ல குந்து. யாரு தப்புன்னு சொல்லு." கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியில் வேர்வை. கை ஒவ்வொரு சொல்லாக அழித்துக்கொண்டே வந்தது. ஆறு வரி மெயில் நாலாகி, இரண்டாகி, கடைசியில் 'விண்ணப்பத்தில் பெயர்கள் சிதைந்தது எங்கள் தவறு' என்று மொட்டையாக நின்றது.

"ஆங்" என்றாள் ஜெயசீலி. "இப்ப செல்லும். அனுப்பு."

மெயில் போனது, ஞானசேகரனும் தன் அறைக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டார். படியில் காலடி கேட்டது. விஷ்ணு வந்தான். வாயைத் துடைத்துக்கொண்டே யாரையும் பார்க்காமல் உள்ளே போய் பட்டனைத் தட்டினான். சர்வரில் ஏறுகிற வரைக்கும் நாங்கள் எல்லோரும் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது எங்கள் முதலாளியைப் போலவே, கடைசி இடத்தில் வந்து கொஞ்சம் மக்கர் பண்ணியது.

"ஏறிட்டுக்கா."

திருத்தத்துக்கான இணைப்பு ஜெயசீலியின் போனுக்கு வந்தது. அவள் நின்றபடியே அடித்தாள். கட்டைவிரலால், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி. ஷாவுக்குக் கால் போட்டாள், 'ன்'னுக்குப் புள்ளி வைத்தாள். அப்புறம் அவர் பெயர். ரோவுக்குக் கொம்பும் காலும், 'க்'குக்குப் புள்ளி, கிக்கு ஒரு சுழி. ஆரோக்கியசாமி பக்கத்தில் நின்று தன் பெயர் திரையில் எழுந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ உடம்பு அளவெடுக்க நிற்கிற மாதிரி நிமிர்ந்தே நின்றார். சமர்ப்பி என்ற பொத்தானை அவள் அழுத்தினாள்.

பச்சையில் வந்தது: தந்தை ஏற்கப்பட்டது.

நான் மூச்சு விட்டேன். விஷ்ணு சிரித்தான். ஆரோக்கியசாமி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அவள் போன் அடித்தது, ஷாரன். "ம்மா, என் பேர கூப்ட்டாங்கம்மா! மேடமே எழுந்து வந்து கூப்ட்டாங்க!"

"போ. தலைய நிமித்திகினு போ" என்றாள் ஜெயசீலி. போனை வைத்தாள். கட்டைப்பையை எடுத்தாள். சந்தோஷத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். அவள் மறுபடி அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏற்கப்பட்டதா?"

"ஆமாம்மா. எல்லாம் சரியாயிடுச்சு."

"படிக்கத் தெரியும்மா எனக்கு. ஏற்கப்பட்ட-து! இன்னா, மாட்டையா புடிச்சிகினு வந்தேன் சந்தைக்கு? மாடு செல்லாது, மாடு ஏற்கப்பட்டது! தாயி, தகப்பன்னா ஒரு 'ர்' போட உங்க கைக்கு வலிக்குதா?" அவள் ஞானசேகரனின் மூடிய கதவைப் பார்த்து இன்னும் சத்தமாகச் சொன்னாள்: "புள்ளி வச்ச எழுத்து இப்ப உள்ள வருதில்ல? அப்ப அந்த 'ர்'ரயும் உள்ள உடு!"

புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "வா. வண்டிய எடு. லேத்துக்காரன் வேற கத்தினுகீறான்."

ஷேர் ஆட்டோ உறுமிக்கொண்டு கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் ஞானசேகரனின் கதவு திறந்தது.

"ரேவதி. உள்ள வா."

நான் எழுந்தேன். போகும் வழியில் விஷ்ணுவின் மேசையில் நின்றேன். பிழைச் செய்திகளும் வாழ்த்துச் செய்திகளும் இருக்கும் கோப்பை அவன் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தான்.

"தந்தைக்கும் தாய்க்கும் தனியா ரெண்டு வரி எழுது" என்றேன். "'ஏற்கப்பட்டார்'னு முடியணும். 'செல்லாது'ங்கிறத மனுஷங்க பக்கத்துல எங்கயும் ஒட்ட விடாத. தேதிக்கும் பின்கோடுக்கும் வச்சுக்க."

"சாருகிட்ட கேக்காண்டாமாக்கா?"

"அவரு என்னைக் கேக்கத்தான் கூப்பிடறாரு. நான் வெளிய வர்றதுக்குள்ள ஏத்திடு."

உள்ளே போனேன். கதவை நான் மூடவில்லை.